தெற்கு பார்க்க வேண்டிய ஜன்னல்

தலைமையாசிரியை மெட்டில்டாவுக்கு ஒருவரைப் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லைதான். நடுவில் ஆள் வைத்துப் பேசினாலும் சரி, கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுவந்து நீட்டினாலும் சரி, மனசு இறங்காது. உதவிப் பொறியாளர் கேஷவை அவளுக்குப் பிடிக்காமல் போனதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, பள்ளிக்கு வந்த முதல் நாளே அவன் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து பத்து நிமிஷம் ஃபோன் பேசினான். இன்னொன்று, அவன் கட்டிக் கொடுத்த கட்டடம்.

முடிச்சூரைத் தாண்டி உள்ளே தள்ளி, முன்பு நெல் விளைந்து இப்போது மனை விளைகிற ஒரு நகரில் இருக்கிறது அந்த அரசு உயர்நிலைப் பள்ளி. பெருவெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்ற பழைய கட்டடத்தை இடித்துவிட்டு, போன ஜூனில் புதுசு திறந்தார்கள். சும்மா கட்டடம் இல்லை, மின்சாரம் மிச்சம் பிடிக்கும் கட்டடம். கூரையில் சோலார் தகடு, மொட்டை மாடியில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை ஓடு, நடுவில் ஓட்டை உள்ள செங்கல், ஜன்னலுக்கு மேலே இரண்டரை அடிக்கு நீட்டிய சன்ஷேடு. ஃபேனே போடாமல் பாதி நாள் ஓட்டிவிடலாம் என்று திறப்பு விழா மேடையில் கேஷவ் மைக்கைப் பிடித்துச் சொன்னான். எல்லாரும் கை தட்டினார்கள். மெட்டில்டாவும் தட்டினாள், அதை மறைப்பானேன்.

மழைக்காலமும் மார்கழியும் சமாளித்துக்கொண்டு போயின. மார்ச் வந்ததும் சாயம் வெளுத்தது.

மாடியில் கடைசி அறை பத்தாம் வகுப்பு பி பிரிவு. ஜன்னல் எல்லாம் மேற்கே. மதியம் இரண்டரைக்கு வெயில் சன்ஷேடுக்குக் கீழே குனிந்து உள்ளே வரும். மூன்றரைக்குப் பாதி வகுப்பு வெயிலில் உட்கார்ந்திருக்கும். காற்று வரவேண்டிய தெற்குப் பக்கத்தில் ஜன்னலே இல்லாத முழுச் சுவர். ஃபேனைப் போட்டால் மேலே தேங்கிய சூட்டை வாரி அது தலையில் கொட்டும். மெட்டில்டா லேபிலிருந்து ஒரு தெர்மாமீட்டரை எடுத்துவந்து கரும்பலகைக்குப் பக்கத்தில் மாட்டினாள். வெளியே முப்பத்தைந்து என்றால் உள்ளே முப்பத்தொன்பது. தினமும் மூன்று வேளை படி ஏறிப் பார்த்து ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதினாள்.

பப்ளிக் பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது, ரிவிஷன் நடுவில், கிறிஸ்டி என்ற பெண் பெஞ்சிலிருந்து அப்படியே சரிந்து விழுந்தாள். மூக்கில் ரத்தம். வகுப்பாசிரியை ஜான்சி அவளைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடிவந்தாள். தண்ணீர் தெளித்து, எலக்ட்ரால் கரைத்துக் கொடுத்து, பெண் கண் திறப்பதற்குள் அவள் அம்மா அருள்மேரி வந்துவிட்டாள். தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் பூ விற்கிறவள். கூடையைக்கூட யாரிடமும் விட்டுவராமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"காலைல சாப்ட்டுட்டு வந்தாளா?" என்று கேட்டாள் மெட்டில்டா. வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

அருள்மேரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நாலு இட்லி துன்னுட்டு வந்துச்சு. இன்னா டீச்சர் பேசுற நீ? பள்ளிக்கூடமா கட்டிகினு கீறீங்க, இல்ல சூளையா? நானே ரோட்ல குந்திகினு வியாபாரம் பண்றேன், எனக்கே இப்டி ஆவல. நெழல்ல குந்திகினு படிக்கிற பொண்ணுக்கு ஆவுது."

இதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் ஒருவன் இருக்கிறான் என்று மெட்டில்டா அன்றே கேஷவுக்குக் கடிதம் எழுதினாள்.

அவன் வந்தான். மாடிக்கு ஏறவில்லை. வாசலில் நின்றே அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "பில்டிங்ல குறை இல்ல மேடம். யூசேஜ்லதான் குறை. இந்த மாதிரி கட்டடத்தை நடத்தத் தெரியணும். வென்டிலேட்டர எல்லாம் ஃப்ளெக்ஸ் வெச்சு மூடிட்டா சூடு எப்படி வெளிய போகும்?"

"வெயில் உள்ள வருதுன்னுதான் மூடினோம். நீங்க மேல வந்து மூணு மணி வரைக்கும் அந்த பெஞ்ச்ல உக்காருங்க. அப்புறம் யூசேஜ் பத்திப் பேசலாம்."

"எனக்கு அதுக்கெல்லாம் டைம் இல்ல மேடம்."

"டென்த் பசங்களுக்கு நிறைய இருக்கு போல."

அவன் முகம் சிவந்து போனது. நான்காம் நாள் தபாலில் ஒரு மெமோ வந்தது. அனுமதி இல்லாமல் எட்டு ஃபேன் கூடுதலாக மாட்டியதாலும், காற்றோட்டத் திறப்புகளை விளம்பரத் துணியால் அடைத்ததாலும், 'கட்டடத்தின் செயல்திறனுக்குப் பங்கம் விளைவித்த' தலைமையாசிரியை விளக்கம் தர வேண்டும். மெட்டில்டா அதை ஸ்டாஃப் ரூமில் சத்தமாகப் படித்தாள். படித்துவிட்டு, "பங்கமாம்" என்றாள். அன்றைக்கு அவள் எழுதிய பதில் ஆறு பக்கம். நோட்டில் இருந்த அத்தனை எண்ணும் அதில் இருந்தது. கேஷவ் பதிலுக்கு ஒன்றரைப் பக்கம் எழுதினான், தெர்மாமீட்டர் தரச்சான்று பெற்றதா என்று கேட்டு. இவள் பதிலுக்கு நாலு பக்கம். பார்வை ஒன்று, பார்வை இரண்டு என்று எண் போட்டு, பணிவுடன் பணிவுடன் என்று எழுதி, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கிழித்துக்கொண்டார்கள். பரீட்சை முடிந்தது. பிள்ளைகள் எப்படியோ எழுதிவிட்டுப் போனார்கள். சண்டை முடியவில்லை.

ஏப்ரல் கடைசியில் பீரோவை ஒழிக்கும்போது திறப்பு விழா மலர் ஒன்று கையில் சிக்கியது. அதில் வடிவமைத்தவர்கள் போட்ட மூல வரைபடத்தைப் பளபளவென்று அச்சிட்டிருந்தார்கள். மெட்டில்டா இருபத்தெட்டு வருஷம் பூகோளம் சொல்லிக் கொடுத்தவள். எந்தப் படத்தைப் பார்த்தாலும் அவள் கண் முதலில் வடக்கு காட்டும் அம்புக்குறிக்குத்தான் போகும். போனது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

படத்தில் ஜன்னல்கள் தெற்குப் பார்த்து இருந்தன, தாழ்வாரம் வடக்கில். உச்சி வெயிலைத் தடுக்கத்தான் அந்த நீள சன்ஷேடு; தென்கிழக்கிலிருந்து கடல் காற்று வரத்தான் அந்த ஜன்னல்; காலையும் மாலையும் சாய்ந்து வரும் வெயிலுக்குத்தான் கிழக்கிலும் மேற்கிலும் முழுச் சுவர். எவனோ ஒருவன் அந்தப் படத்தைக் கால் வட்டம் திருப்பி வைத்துக் கட்டியிருக்கிறான். காற்று வரும் பக்கம் சுவர், வெயில் வரும் பக்கம் ஜன்னல். கட்டடத்துக்கு யோசித்த மூளையெல்லாம் அந்த ஒரு திருப்பில் வீணாகிவிட்டது.

"மாட்டினான்" என்றாள் மெட்டில்டா, தனியாக இருந்தும் வாய்விட்டு.

மேலே புகார் போனது. விசாரணை என்று ரமா என்ற அதிகாரியைப் போட்டார்கள். மே இருபதாம் தேதி வரச் சொல்லி ஓலை வந்தது. இலாகாவில் ஒரு விதி உண்டு. தவறு யாருடையது என்று ஃபைலில் ஏறினால்தான் திருத்த வேலைக்கு ஆர்டர் போட முடியும். யாருடையதும் இல்லை என்றால், தவறே இல்லை என்று அர்த்தம். மேற்கு ஜன்னல்களுக்கு வெளியே செங்குத்தாக மறைப்புச் சுவர்கள் வைக்க வேண்டும், தெற்குச் சுவரை உடைத்து ஜன்னல் எடுக்க வேண்டும். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் வேலை தொடங்காவிட்டால் அடுத்த பத்தாம் வகுப்பும் அதே சூளையில்தான். அதற்கு ஒரு குற்றவாளி வேண்டும். கேஷவைப் பதிலளிக்கச் சொன்னபோது 'கள நிலவரத்துக்கு ஏற்ப மாற்றப்பட்டது' என்று ஒரே வரியில் நழுவிவிட்டான்.

மெட்டில்டா விடுகிற ஆளா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டாள். அரசு ஊழியர் தன் பேரில் போட்டால் வம்பு, அதனால் எல்லா டீச்சரும் செய்கிற மாதிரி வீட்டுக்காரர் பேரில். வேதசிரோமணி ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி, 'கட்டடத்தின் திசையை மாற்றுவதற்குக் காரணமான கடிதம், உத்தரவு ஆகியவற்றின் நகல்' என்று அழகாகக் கேட்டு எழுதினார்.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் பதில் வந்தது. மெட்டில்டா கூடுவாஞ்சேரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மதியம் வீட்டுக்கு வந்தபோது, வேதசிரோமணி உறையைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தார். டிவி ஓடவில்லை.

"வந்துடுச்சா? குடுங்க. அவன் கையெழுத்து இருக்கா?"

"இருக்கு."

"சொன்னேன்ல."

"மேல உன்னுது இருக்கு மெட்டில்டா."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். பள்ளியின் லெட்டர்பேட். மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி, அவள் தலைமையாசிரியையாக வந்த புதிது. புதுக் கட்டடத்துக்காகப் பன்னிரண்டு கோரிக்கைகள். சுற்றுச்சுவர் வேண்டும். குடிதண்ணீர் வேண்டும். பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும். இப்படியே போய், ஒன்பதாவது: 'வரைபடத்தில் பள்ளியின் பக்கவாட்டுச் சுவரே சாலையைப் பார்த்து இருப்பதால், பெற்றோர் கண்ணில் படும்படி முகப்பும் பெயர்ப்பலகையும் கிழக்கே சாலையை நோக்கி அமையுமாறு மாற்றித் தர வேண்டுகிறேன்.' கீழே அவள் கையெழுத்து, முத்திரை. அதற்கும் கீழே ஓரத்தில், பச்சை மையில், 'ஒன்பதாம் இனம் மட்டும் ஏற்கலாம். அவ்வாறே செய்க.' கேஷவின் கையெழுத்து. அதே தேதி.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை என்பார்களே, அதுதான். அவளுக்கு இப்போது எல்லாம் ஞாபகம் வந்தது. அந்த வருஷம் ஆறாம் வகுப்பில் பதினெட்டே பேர் சேர்ந்தார்கள். எதிர்ச்சாரியில் இருந்த தனியார் பள்ளிக்குச் சாலையைப் பார்த்து வளைவும் தூணும். நம் பள்ளி மட்டும் ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதா என்ற ஆத்திரத்தில் எழுதியது. முகப்பை மாற்று என்றால் வாசலையும் பலகையையும் இந்தப் பக்கம் வைப்பார்கள் என்று நினைத்தாள். கட்டடத்தையே தூக்கித் திருப்புவார்கள் என்று யார் கண்டது? கேட்ட பன்னிரண்டில் பதினொன்று இன்றுவரை நடக்கவில்லை. சுற்றுச்சுவர்கூட வரவில்லை. அரசாங்கத்திடம் கேட்டால் நடக்காது என்ற நம்பிக்கையிலேயே அதை மறந்துபோயிருந்தாள். நடந்த ஒன்று இதுதான், காகிதத்தைத் திருப்பச் செலவில்லையே.

"பூகோளம் எடுக்கிறவ நான்" என்றாள். "கிழக்கே முகப்பு வெச்சா மேற்கே எது வரும்னு எனக்குத் தோணலையே. அந்தப் பொண்ணோட அம்மாகிட்ட, சாப்ட்டுட்டு வந்தாளான்னு கேட்டேங்க நான்."

வேதசிரோமணி கண்ணாடியைக் கழற்றினார். "இது என் பேர்ல வந்த லெட்டர். நான் பீரோவுல வெச்சுப் பூட்டிட்டா யாருக்கும் தெரியாது. மூணு வருஷம் சர்வீஸ் இருக்கு உனக்கு. இதக் காட்டினா பதினேழு பி மெமோ நிச்சயம், ஒழுங்கு நடவடிக்கை. ரிட்டயர் ஆகுற அன்னிக்குக்கூட பென்ஷன் குடுக்காம நிறுத்தி வெச்சுடுவாங்க. வேணாம் மெட்டில்டா."

வேண்டாம் என்றுதான் அவளுக்கும் பட்டது. இரண்டு நாளும் அவள் ஜெபத்தில் சொன்னதெல்லாம் 'ஆண்டவரே, எப்படியாவது' என்பதுதான். எப்படியாவது என்ன என்று அவளால் சொல்லி முடிக்க முடியவில்லை.

இருபதாம் தேதி தாம்பரத்தில் விசாரணை நடக்கும் அலுவலகத்துக்குப் போனபோது காகிதம் கைப்பையில் இருந்தது. எடுப்பதற்காக இல்லை, வீட்டில் விட்டுவரப் பயம். வராந்தா பெஞ்சில் கேஷவ் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான். அவன் எழுந்து நின்றதே அவளுக்குச் சரியாகப் படவில்லை.

"மேடம், ஒரு நிமிஷம்." குரலில் தேன். "ஆர்டிஐல உங்களுக்கு என்ன வந்திருக்குன்னு எனக்குத் தெரியும். எங்க ஆபீஸ்லேர்ந்து போனதுதானே. நான் லீவ்ல இருந்தப்ப அனுப்பிட்டாங்க. பரவால்ல. மெயின் ஃபைல் தேடப்பட்டு வருதுன்னு எழுதிக் குடுத்துட்டோம். நீங்களும் எடுக்காதீங்க, நானும் வாயைத் திறக்கல. கள நிலவரம்னு முடிஞ்சு போயிடும். உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

"அப்ப அந்த ரூம்?"

"கர்ட்டன் போட ரெகமண்ட் பண்ணச் சொல்றேன். நல்ல கர்ட்டன். என்ன மேடம், நமக்குள்ள எதுக்கு இவ்ளோ பேஜார்?"

நமக்குள்ள. மெட்டில்டாவுக்கு உடம்பு முழுக்கக் கூசியது. வீட்டிலிருந்து வரும் வழியெல்லாம், ஷேர் ஆட்டோவில், அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்ததும் வார்த்தைக்கு வார்த்தை இதேதான். கர்ட்டன் உள்பட. தன் மனசில் இருந்ததை இவன் வாயால் கேட்டபோதுதான் அது எவ்வளவு அசிங்கம் என்று தெரிந்தது. இவனும் நானும் ஒரே கட்சியா? செத்தாலும் இல்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். ரமாவின் அறையில் ஜன்னலெல்லாம் சாத்தி, திரை போட்டு, ஏசி பதினெட்டில் ஓடியது. மெட்டில்டா முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள். ரமா களைத்த முகத்தோடு பேப்பரைப் புரட்டினார்.

"மேடம், உங்க கம்ப்ளெய்ன்ட் படிச்சேன். பில்டிங் திரும்பியிருக்கு, அது உண்மை. ஆனா யார் சொல்லித் திரும்பிச்சுன்னு ரெக்கார்டு இல்ல. ஃபைல் கிடைக்கல. சைட் கண்டிஷன்னு போட்டு க்ளோஸ் பண்றேன். கர்ட்டன் ஏற்பாடு பண்ணச் சொல்லிடலாம். சரியா?"

கேஷவ் தலையை ஆட்டினான். மெட்டில்டா கைப்பையைத் திறந்தாள்.

"ரெக்கார்டு இருக்கு" என்றாள்.

ரமா வாங்கி ஒரு தரம் படித்தார். கண்ணாடியை மாற்றி இன்னொரு தரம் படித்தார். "மேடம், இதுல கேட்டிருக்கறது நீங்க."

"ஆமா. நான்தான். என் கையெழுத்துதான்."

"இத்தனை நாள் அவர் மேல எழுதினீங்களே."

"அவர் மேல எழுதினது ஒண்ணும் பொய்யில்ல. கீழ பாருங்க, பச்சை இங்க்."

கேஷவ் வெடித்தான். "மேடம், இவங்க கேட்டதாலதான் பண்ணினேன். ஸ்கூல் ஹெட்டே எழுதிக் கேட்டா நான் என்ன செய்ய? ஜியோக்ரஃபி டீச்சராம். சூரியன் எங்க மறையும்னு தெரியாம லெட்டர் எழுதிட்டு, என்னைக் கூண்டுல ஏத்தறாங்க."

அது சுருக்கென்று போய்த் தைத்தது, உண்மையாக இருந்ததால். மெட்டில்டா அவன் பக்கம் திரும்பினாள்.

"கேட்டேன். தப்பாத்தான் கேட்டேன். அதுக்கு என்ன தண்டனையோ குடுக்கட்டும். பன்னெண்டு கேட்டேனே, பதினொண்ணுக்கு முடியாதுன்னு சொல்லத் தெரிஞ்சுதுல்ல உங்களுக்கு? பொம்பளப் பிள்ளைங்களுக்கு பாத்ரூம் முடியாதுன்னு சொல்லத் தெரிஞ்சுது. சொல்லியே ஆகவேண்டிய ஒண்ணே ஒண்ணுக்கு, அன்னிக்கே சரின்னு போட்டீங்க. வரைஞ்சவங்கள ஒரு வார்த்தை கேட்டீங்களா? நான் டீச்சர். நீங்கதான் இன்ஜினியர்."

ரமா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மெட்டில்டாவின் முன்னால் தள்ளினார். "எழுதிக் குடுக்கறீங்களா? குடுத்தா திரும்ப எடுக்க முடியாது. யோசிச்சுக்கோங்க."

மெட்டில்டா எழுதினாள். ஆறு பக்கம் எழுதிப் பழகிய கை, நாலு வரியில் முடித்துவிட்டது. என் கடிதத்தின் பேரில், உதவிப் பொறியாளரின் ஒப்புதலோடு, கட்டடம் திருப்பப்பட்டது. கையெழுத்துப் போடும்போது மட்டும் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு போட்டாள்.

ரமா படித்துவிட்டு, அலுவலகக் குரலில் சொல்லத் தொடங்கினார். இரண்டு பேருக்கும் பதினேழு பி. திருத்த வேலைக்கு இந்த வாரமே ஆர்டர். விசாரணை முடியும்வரை சம்பந்தப்பட்ட தலைமையாசிரியை அதே பள்ளியில் இருக்கக் கூடாது, நாளையோடு பொறுப்பை ஒப்படைத்துவிட வேண்டும். எங்கே மாற்றல் என்று பிறகு வரும்.

"அவருக்கு?" என்று கேட்டாள் மெட்டில்டா.

"வேலை தெரிஞ்ச ஆள் வேற இல்ல. திருத்தத்த முடிச்சுக் குடுத்துட்டுத்தான் அவர் மேல நடவடிக்கை. அதுவரைக்கும் சைட் அவர்கிட்டதான்."

அவள் போக வேண்டும், அவன் இருப்பான். மாடிக்கு ஏறக்கூட மாட்டேன் என்றவன் கையில் அந்தக் கட்டடத்தைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். சுவர் ஏறுகிறதா இல்லையா என்று வந்து பார்க்கக்கூட அவளுக்கு உரிமை கிடையாது. கேஷவ் அதைப் புரிந்துகொண்டான். மெமோ வாங்கியவன் முகம் மாதிரியே இல்லை. வாய் ஓரத்தில் சின்னதாக ஒரு சிரிப்பு.

வராந்தாவுக்கு வந்ததும் அவன் விறுவிறுவென்று படிக்கட்டுக்குப் போனான். மெட்டில்டா பின்னாலேயே போய் வழியை மறித்துக்கொண்டு நின்றாள். அவனிடம் ஒரு வார்த்தை கேட்பதைவிட நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் என்று இருந்தது.

"மாடியில கடைசி ரூம்லேர்ந்து ஆரம்பிங்க" என்றாள். "டென்த் பி. ரெண்டரைக்கு வெயில் ஜன்னலோர பெஞ்சுக்கு வரும். மூணே காலுக்கு ரெண்டாவது வரிசை. மூணரைக்கு நடு பெஞ்ச், கிறிஸ்டி உக்காந்த இடம்."

"ஆர்டர் வரட்டும் மேடம், பாத்துக்கலாம். வழி விடுங்க."

"எழுதிக்கோங்க."

கீழேயிருந்து ஏறி வந்த இரண்டு பேர் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். கேஷவ் அவளைத் தாண்டிப் போக இடம் தேடினான். இல்லை. அவள் கைப்பையிலிருந்து அந்தச் சூட்டுக் கணக்கு நோட்டை எடுத்துப் பிரித்து, மார்ச் மாதத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள், தேதி, மணி, சூடு என்று, அவன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுக்கும்வரை.